மார்வார் நாட்டில் பிசின் தேடி

மன்னார்குடியில் ஏறியவர் இடையில் வண்டி மாறாமலே ஜோத்பூர் நகரத்தின் வாசலில் இருக்கும் பகத் கீ கோட்டி நிலையத்தில் போய் இறங்கலாம் என்பது இக்காலத்து ரயில்வே நமக்குச் செய்திருக்கும் உபகாரங்களில் ஒன்று. காவேரியின் கடைமடையில், வாய்க்கால் ஜலமும் சேற்று வாசனையும் நீங்காத நெல்வயல்களுக்கு நடுவே புறப்பட்டு, கிருஷ்ணையையும் கோதாவரியையும் தாண்டி, போகப்போகக் காற்றில் ஈரம் வற்ற, உதடுகள் வெடிக்க, மண்ணின் கருமை செம்மையாகிச் செம்மையும் வெளுத்து மணலாக மாற, கடைசியில் முள்மரங்களையும் ஒட்டகங்களையும் தவிர வேறொன்றும் தென்படாத மார்வார்ப் பிரதேசத்துக்குள் வண்டி நுழையும்போது, ஒரே தேசத்தின் இரண்டு கோடிகளுக்கும் உள்ள தூரம் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தொண்டைக்கு நன்றாகத் தெரிகிறது. ஜோத்பூரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 36 சென்டிமீட்டர். தஞ்சைத் தரணியில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குதான். அதுவும் பெய்யாமல் பொய்த்துப்போகும் வருஷங்கள் உண்டு.

அங்கே போகிறவர்கள் மெஹ்ரான்கட் கோட்டையையும் அதன் அடியில் நீலம் பூசிய வீடுகளையும் காணப் போவார்கள். நானும் கண்டேன், அவை காணத் தக்கவையே. ஆனால் என் பிரயாணத்தின் நோக்கம் வேறு. உலகத்துக் கடைகளில் விற்கும் ஐஸ்கிரீம், காகிதம், அச்சடித்த துணி, மாத்திரை முதலிய பல பண்டங்களில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் தாவரப் பிசின்கள் இந்த வறண்ட பூமியில் எவ்விதம் விளைகின்றன என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. நீரைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல்தான் பிசினின் தலையான குணம். அந்தக் குணமுடைய வஸ்து நீரில்லாத நாட்டில் ஏன் இவ்வளவு செழிப்பாக உண்டாகிறது என்ற கேள்வி என்னை விடாமல் தொடர்ந்து வந்தது.

நான் போன சமயம் ஐப்பசி மாதம். நகரத்தை விட்டு ஓசியான் பக்கமாகப் போகும் சாலையின் இருபுறமும் கம்பு அறுத்த தாள்கள் நின்றன. அவற்றை அடுத்து, இடுப்பளவு உயர்ந்து, இலையெல்லாம் உதிர்ந்து, கொத்துக்கொத்தாகக் காய்ந்த காய்களைச் சுமந்துகொண்டு ஒரு செடி வயல் முழுவதும் நின்றது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். நம் வீடுகளில் பருப்புசிலிக்கும் வற்றலுக்கும் அரியப்படும் கொத்தவரைதான் அது. நாம் பிஞ்சிலேயே பறித்து உண்டுவிடுவதால் அந்தச் செடியின் விதைக்குள் இருக்கும் விசேஷம் நமக்குத் தெரியாமலே போய்விட்டது. அங்கே அதைக் குவார் என்கிறார்கள். முற்றவிட்டு, விதைக்காகவே பயிரிடுகிறார்கள். ஆடியில் முதல் மழை கண்டதும் விதைத்தால், அப்புறம் ஒன்றிரண்டு மழை வந்தாலும் போதும். வேரை ஆழச் செலுத்திக்கொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து, நாலு மாதத்துக்குள் பலன் தந்துவிடுகிறது. இந்தச் செடி இந்தியாவில் எங்கும் காட்டுச் செடியாகக் காணப்படுவதில்லை. ஆப்பிரிக்காவிலுள்ள இதன் உறவினச் செடி ஒன்று, அராபிய வர்த்தகர்கள் குதிரைகளுக்குத் தீவனமாகக் கொண்டுவந்த கட்டுகளோடு வந்து, இங்கே மனிதர் கையில் வளர்ந்து கொத்தவரையாக மாறியிருக்கலாம் என்று தாவர சாஸ்திரிகள் ஊகிக்கிறார்கள். இன்று உலகத்தின் குவார் விளைச்சலில் ஐந்தில் நாலு பங்கு இந்தியாவில். அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானத்தில்.

விதையை நகத்தால் பிளந்து பார்த்தால் மூன்று பகுதிகள் தெரியும். வெளியே மெல்லிய தோல்; நடுவில் மஞ்சளான முளைக்கரு; இரண்டுக்கும் இடையில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வெண்மையான தசை. விதையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட அந்தத் தசைதான் பிசின். செடி அதை நமக்காகச் செய்து வைக்கவில்லை. மணலில் விழுந்த விதைக்கு ஒரு மழையின் ஈரம் கிடைத்ததும், அந்தத் தசை நீரை உறிஞ்சி ஊதி, முளைக்கருவைச் சுற்றி ஈரப் போர்வையாகப் படிந்து, மறுபடி வெயில் காய்ந்தாலும் இளமுளை வாடிவிடாதபடி காக்கிறது. பிறகு அதுவே கரைந்து முளைக்கு ஆகாரமாகிறது. என் கேள்விக்கு விடை அந்த வயலோரத்திலேயே கிடைத்துவிட்டது. நீர் அரிதான இடத்தில் பிழைக்கவேண்டிய உயிர்தான் நீரைப் பிடித்து வைக்கும் உபாயத்தைப் பூரணமாகப் பயின்றிருக்கிறது. நம் தொழிற்சாலைகள் செய்வதெல்லாம் அந்த உபாயத்தை இரவல் வாங்குவதுதான்.

குவாருக்கு மூத்த பிசின் ஒன்றும் அந்த மண்ணில் உண்டு. வன்னி மரத்தோடு கலந்து அங்கே குமட் என்றொரு முள்மரம் வளர்கிறது. நம் கருவேல மரத்தின் நெருங்கிய சுற்றமாகிய அதன் விதைகளைக் கேர், சாங்ரி முதலிய பாலைவனக் காய்களோடு சேர்த்துக் கறி சமைக்கிறார்கள். சூடான் தேசத்தின் கோர்டோபான் பகுதியிலிருந்து அராபியப் பிசின் என்ற பெயரில் உலகெங்கும் போகும் சரக்கைத் தருவதும் இதே இன மரந்தான். பண்டைய எகிப்தியர் மைக்கும் வர்ணத்துக்கும் அந்தப் பிசினைக் கலந்தார்கள். நம் ஊரில் ஓவியம் எழுதுவோரும் தபால் தலை ஒட்டுவோரும் அறிந்த கோந்தும் அதுதான். மரத்துக்குக் காயம் பட்டு, வெயிலும் வறட்சியும் வருத்தும்போது, அந்தக் காயத்தை மூடுவதற்காக அது சுரக்கும் பொருள் காற்றுப்பட்டு உருண்டையாக உறைகிறது. மழை மிகுந்த இடத்தில் வளர்த்தால் மரம் செழிக்கும், பிசின் அதிகம் சுரக்காது.

ஜோத்பூரில் 1959ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்திய வறண்ட பிரதேச ஆராய்ச்சி நிலையத்தார் குமட் மரத்தைப் பற்றிப் பல காலம் ஆராய்ந்து ஒரு முறையைக் கண்டிருக்கிறார்கள். தானாக விட்டால் அங்குள்ள மரங்கள் தரும் பிசின் மிகச் சொற்பம். கோடரியால் வெட்டிக் காயப்படுத்தினால் மரமே பட்டுப்போகக்கூடும். ஆகவே, கோடையில் அடிமரத்தில் சாய்வாக ஒரு சிறு துளையிட்டு, எத்தஃபான் என்னும் மருந்து கலந்த நீரை 4 மில்லிலிட்டர் மட்டும் உள்ளே செலுத்தித் துளையைக் களிமண்ணால் அடைத்துவிடுகிறார்கள். அந்த மருந்து மரத்துக்குள் எத்திலீன் வாயுவாகப் பிரிய, மரம் தனக்குப் பெரிய காயம் நேர்ந்துவிட்டதாகக் கொண்டு பல நாட்கள் பிசினைச் சுரக்கிறது. மரத்துக்குச் சுமார் அரைக் கிலோ கிடைக்கும். நான் போனது சுரக்கும் பருவம் அன்று. ஆயினும் கோடையில் எடுத்து வைத்த உருண்டைகளை ஒருவர் என் உள்ளங்கையில் வைத்தார். தேன் நிறம், உடைந்த இடத்தில் பளிங்கு ஒளி, வாயிலிட்டால் ருசி என்று சொல்லத் தக்கது ஒன்றுமில்லை, மெல்லக் கரைந்து நாக்கில் வழவழப்பாகப் படிகிறது. அந்த ஊர்ப் பெண்கள் இதை நெய்யில் பொரித்து, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து உருண்டை பிடித்து, பிள்ளை பெற்றவளுக்குப் பனிக்காலத்தில் தருகிறார்கள்.

அராபியப் பிசினுக்கும் குவார்ப் பிசினுக்கும் குணத்தில் உள்ள பேதம் வியக்கத் தக்கது. முன்னதை நீரில் பாதிக்குப் பாதி கலந்தாலும் அது ஊற்றத்தக்க திரவமாகவே இருக்கும். அதன் மூலக்கூறு கிளைகள் நெருங்கி உருண்டு திரண்டது; ஆகையால் நீரில் அதிக இடத்தை அடைப்பதில்லை. அதோடு அதில் புரதம் சிறிது பிணைந்திருப்பதால், எண்ணெய்த் துளியைச் சுற்றிக்கொண்டு அதை நீரில் பிரியாமல் மிதக்கவைக்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. கோலா பானங்களில் வாசனை எண்ணெய் மேலே ஏடுகட்டி நிற்காமல் கலந்திருப்பது இந்தச் சாமர்த்தியத்தால்தான். 1997இல் அமெரிக்க அரசாங்கம் சூடானின்மேல் வர்த்தகத் தடை விதித்தபோது அராபியப் பிசினுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க நேர்ந்தது என்றால், பதிலி கிடைக்காத வஸ்து எத்தனை வலிமை உடையது என்பது விளங்கும்.

ஜோத்பூருக்கு அருகே பீபாட் என்ற ஊரில் இன்னும் மர அச்சுகளைக் கொண்டு துணிக்குக் கோலம் போடும் குடும்பங்கள் இருக்கின்றன. களிமண், சுண்ணாம்பு, கோதுமைத் தூள், பிசின் ஆகியவற்றைக் குழைத்து அச்சில் தோய்த்துத் துணியில் பதித்து, மேலே மரத்தூளைத் தூவி உலர்த்தி, அப்புறம் அவுரிச் சாயத்தில் முக்குகிறார்கள். குழம்பு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிசின் இல்லையேல் மண் உதிர்ந்துவிடும். மிகுந்தால் அலசும்போது போகாது. அளவு என்ன என்று கேட்டபோது அந்தக் கைவினைஞர் குழம்பை இரண்டு விரல்களுக்கு இடையே எடுத்துப் பிரித்துக் காட்டினாரே தவிர எண்ணாக ஒன்றும் சொல்லவில்லை.

குவார் விதை பிசினாக மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் நகரத்தின் தெற்கே பாஸ்னி என்னும் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும். ஓர் ஆலையின் மேலாளர், “கம்மா கணி, சா” என்று கைகூப்பி வரவேற்று, உள்ளே போகுமுன் செருப்பை மாற்றிக்கொள்ளச் சொன்னார். தரையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொடி படிந்திருக்கும். ஒரு குவளை ஜலம் சிந்தினாலும் அந்த இடம் வழுக்குப் பாறையாகிவிடுமாம். பச்சைப் பயறு வாசனை எங்கும் நிறைந்திருந்தது. விதையைச் சலித்து, உடைத்து, வறுத்து, உராய்வு யந்திரத்தில் விட்டால், எளிதில் நொறுங்கும் முளைக்கரு பொடியாகப் பிரிந்துவிடும். பிறகு தோல் நீங்கும். நொறுங்காத தசை மட்டும் அரைப்பயறு உருவத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும். முளைக்கருவுக்குக் கோர்மா என்றும், தோலோடு கலந்த கழிவுக்குச் சூரி என்றும் பெயர். இரண்டும் புரதம் மிகுந்தவை. மாட்டுத் தீவனத்துக்குப் போகின்றன. தசையை நீரில் ஊறவைத்து, உருளைகளுக்கு இடையே அழுத்தித் தகடாக்கி, மிக நுண்ணியதாக அரைத்து, ஒரே மூச்சில் உலர்த்தி, 200 கண் சல்லடையில் சலிக்கிறார்கள்.

பரிசோதனை அறையில் இருந்த இளம் ரசாயன நிபுணரான ஒரு பெண்மணி எனக்காகச் சில காட்சிகளைப் பொறுமையோடு செய்து காட்டினார். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு பொடியைத் தூவிக் கலக்கினார். “மெதுவாகத் தூவ வேண்டும் ஐயா, மொத்தமாகக் கொட்டினால் கம்பு மாவு கொதிநீரில் கட்டிதட்டுவதுபோல் வெளியே ஊறி உள்ளே உலர்ந்தே நின்றுவிடும்” என்று சொன்னார். சிறிது நேரத்தில் அந்தத் தண்ணீர், அடுப்பே இல்லாமல், தேனினும் தடித்த குழம்பாகியது. நல்ல சரக்காக இருந்தால் ஒரு சதவீதக் கரைசலின் பாகுநிலை வெறும் நீரைப்போல் ஐயாயிரம் மடங்கு இருக்குமாம். மன்னோஸ் என்னும் சர்க்கரை அணுத்தொகுதிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி. அதில் சராசரி இரண்டுக்கு ஒன்றாகப் பக்கவாட்டில் தொங்கும் காலக்டோஸ். இதுதான் அதன் அமைப்பு. தொங்கும் பகுதிகள் சங்கிலிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்குவதால் நீர் எளிதில் உள்ளே புகுகிறது. மத்தியதரைக் கடலோரத்துக் கரோப் மரத்தின் விதைப்பிசின் இதே ஜாதிதான். ஆனால் அதில் நான்குக்கு ஒன்றாகவே காலக்டோஸ் இருப்பதால் சூடாக்கினால்தான் நன்றாகக் கரையும். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் அந்தக் கரோப் பிசின் வராமல் தடைப்பட்டபோதுதான் அமெரிக்கக் காகித ஆலைகள் குவாரின் பக்கம் கண்ணைத் திருப்பின.

அவர் குழம்பை வேகமாகக் கலக்கினார், இளகியது. நிறுத்தினார், மறுபடி தடித்தது. துணி அச்சில் இந்தக் குணம் மிகவும் பிரயோஜனப்படுகிறது. சட்டகத்தின் கண்கள் வழியே தள்ளும்போது சாயக் குழம்பு தாராளமாக இறங்கும், துணியில் பட்டதும் அசையாமல் நிற்கும், ஆகையால் பூவின் விளிம்பு கலங்குவதில்லை. ஐஸ்கிரீமில் கலந்தால் நீர் தனியே பிரிந்து பெரிய பனிப்பளிங்குகளாக வளரவிடாமல் தடுத்து நாக்குக்கு மென்மையாக வைத்திருக்கும். நம் கடைகளில் வாங்கும் டப்பாவின்மேல் 412 என்ற எண்ணைக் கண்டால் அது குவார்ப் பிசின் என்று அறியலாம். 414 என்றால் அராபியப் பிசின். காகிதக் கூழில் இழைகளைப் பிணைக்கவும், சுரங்கங்களில் தாதுவிலிருந்து மாக்கல்லைப் பிரிக்கவும், ஈரமான வெடிமருந்துகளைக் குழைவாக நிறுத்தவும், சர்க்கரை நோயாளியின் குடலில் சர்க்கரை மெல்ல மெல்ல இறங்கும்படி செய்யவும் இதுவே உதவுகிறது. சக்தியுள்ள எந்த வஸ்துவுக்கும் அளவு தப்பினால் அபாயம் உண்டு. உடல் இளைக்க வேண்டி இந்தப் பொடியை மாத்திரையாக விழுங்கிய சிலருக்கு அது உணவுக்குழலிலேயே ஊதி அடைத்துக்கொண்டபடியால், அமெரிக்காவில் 1990ஐ ஒட்டி அத்தகைய மாத்திரைகளைத் தடுக்க வேண்டியதாயிற்று.

கடைசியாக அந்தப் பெண்மணி ஒரு சிட்டிகை வெண்காரத்தை நீரில் கரைத்துக் குழம்பில் ஊற்றினார். அது குலுங்கும் கட்டியாகித் தேக்கரண்டியோடு ஒரே பிண்டமாக எழும்பி வந்தது. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார், பிண்டம் தளர்ந்து மீண்டும் குழம்பாயிற்று. வெண்காரம் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கிறது. புளிப்பு அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் உள்ள பாறைகளை நீரழுத்தத்தால் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் அமெரிக்கத் தொழில் இந்தச் சிறு காட்சியையே பெரிய அளவில் செய்கிறது. மணலைச் சுமந்து செல்லும் அளவுக்குத் தடித்த திரவம் வேண்டும். மணல் பிளவுகளில் புகுந்து அவை மூடிக்கொள்ளாதபடி தாங்கி நின்றபின், திரவம் இளகி வெளியேறவும் வேண்டும். இரண்டையும் செய்து தரும் மலிவான பொருளாகக் குவார் அமைந்துவிட்டது.

அதனால் வந்த வினையும் நன்மையும் மார்வார்க் குடியானவன் தலையில் ஏறின. அமெரிக்காவில் அந்தத் தொழில் பெருகப்பெருகக் குவாருக்கு ஏற்பட்ட கிராக்கியும், அதன்மேல் இங்கே எழுந்த ஊக வாணிபமும் சேர்ந்து, ஓராண்டுக்கு முன் குவிண்டால் மூவாயிரம் ரூபாயை ஒட்டி விற்ற விதை 2012 மார்ச் மாதத்தில் ரூ. 30,000ஐ நெருங்கியது. அரசாங்கம் தலையிட்டு முன்பேர வர்த்தகத்தை நிறுத்தியது. 2013 மே மாதத்தில்தான் மறுபடி அனுமதித்தது. 2012-13இல் ரூ. 21,000 கோடிக்கு மேல் மதிப்புள்ள பிசின் ஏற்றுமதியாயிற்று. அடுத்த இரண்டொரு வருஷங்களில், எங்கு பார்த்தாலும் குவார் விதைத்து மலைபோல் குவிந்த சமயத்தில், கச்சா எண்ணெயின் விலை சரிந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் செயற்கைப் பொருள்களையும் நாடத் தொடங்கின. குவார் விலை பழைய தரைக்கே வந்துவிட்டது. ஓர் எண்ணெய்க் கிணற்றைக் கண்ணால் கண்டிராத மனிதனுடைய வருஷத்து ஜீவனம் கடல் கடந்த கிணறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து நிற்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. உணவுக்கும் மருந்துக்கும் ஏற்ற உயர்ந்த தரப் பிசினை ராஜஸ்தானத்திலேயே செய்து, அந்த லாபத்தின் ஒரு பகுதி விதைப்பவனைச் சேரும்படி ஏற்பாடு செய்தால்தான் இந்தப் பயிர் ஒரே சந்தையின் அடிமையாகாமல் இருக்கும். விதையையும் மாவாக அரைக்காத பருப்பையும் அப்படியே விற்றுவிடும் வரையில் அது கைகூடாது. மண்டியில் நான் சந்தித்த தரகர்கள் இதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கண்கள் பேச்சின் நடுவே கைபேசியில் ஓடும் விலையையே நாடின.

ஓசியான் சாலையில் நான் முதலில் இறங்கிப் பார்த்த வயலைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் உள்ள ஒரு வீட்டில் அன்று பகல் உணவுக்கு இருக்கச் சொன்னார்கள். கம்பு ரொட்டி, நெய், மோர், அத்துடன் வெயிலில் உலர்த்தி எண்ணெயில் பொரித்த குவார்க்காய். நம் கொத்தவரை வற்றலுக்கும் அதற்கும் உப்பில் மட்டுமே வித்தியாசம். வீட்டின் பெரியவர் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அறை நிறையச் சாக்கு மூட்டைகள், சுவரோரமாகக் கூரை வரையில் அடுக்கியிருந்தன. தானியத்தைப் புழு அரித்துவிடும்; குவாரைப் பல வருஷம் வைத்தாலும் பூச்சி சீந்தாது என்றார். அடுக்கின் அடியில் இருப்பது மூன்று வருஷத்துக்கு முந்தைய மகசூல்.

“விலை ஏறும் என்று காத்திருக்கிறீர்களா, பாபா சா?” என்று கேட்டேன்.

“ஏறினால் ஏறட்டும். நாங்கள் பணத்தை இப்படித்தான் வைத்திருப்பது. சென்ற மாசியில் பேத்திக்குக் கல்யாணம். வேண்டிய அளவு மூட்டைகளை மண்டியில் போட்டேன். மழை தவறினால் மாட்டுக்குத் தீவனம் வாங்க இன்னும் சிலவற்றைப் போடுவேன். இந்த வருஷம் வந்ததை மேலே ஏற்றியாயிற்று” என்றார் அவர்.

நகரத்தில் ஆலைக்காரர் யாராவது நேரே வந்து வாங்குவதுண்டா என்று கேட்டதற்கு, அப்படி ஒருவரும் அந்தக் கிராமத்துக்கு இதுவரையில் வந்ததில்லை என்று சொல்லிவிட்டு, மோர் இன்னும் கொண்டுவரும்படி மருமகளை அழைத்தார்.